அந்தீஸ் மலைவழியில் இரு நண்பர்கள்

மலைகள் நாடுகளைப் பிரிக்கின்றன. மலைப்பாதைகள் அவற்றை இணைக்கின்றன. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக, வெனிசுவேலா தொடங்கிச் சிலியின் தென்கோடி வரை, ஏறக்குறைய 7,000 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது அந்தீஸ் மலைத்தொடர். நிலத்தின்மீதுள்ள மலைத்தொடர்களுள் இதனினும் நீண்டது பிறிதொன்றில்லை. இம்மலைகளினூடே இன்கா மன்னர்கள் கற்பாதை அமைத்தனர். 1532 ஆம் ஆண்டிலே பிசாரோவின் ஸ்பானியப் படை அம்மலைகளில் ஏறி இன்காப் பேரரசின் தலைவனைச் சிறைப்பிடித்தது. 1817 இல் சான் மார்த்தீன் என்னும் தளபதி, ஆர்ஜென்தீனாவிலிருந்து படையொன்றை மலைகடத்திச் சென்று, சிலியின் விடுதலைக்கு வழிசெய்தார். படையும் பீரங்கியும் கடந்த அதே மலைகளை, 1952 ஆம் ஆண்டில், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றில் இரு நண்பர்கள் கடந்தனர். அவர்களுக்குப் பின்னே சேனை இல்லை. கையிலே போதிய பணமும் இல்லை. அந்நாளில் அவர்களைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. ஆயினும் அப்பயணம் இன்று உலகெங்கும் பேசப்படுகின்றது.

நண்பர்களுள் மூத்தவர் அல்பேர்த்தோ கிரனாடோ. இளையவர் ஏர்னெஸ்தோ குவேரா. பின்னாளில் 'சே' என்ற சிறு பெயரால் உலகறிந்தவர் இந்த இளையவரே. அவர்களுடைய பயணத்தை 'மோட்டார் சைக்கிள் பயணம்' என்றே உலகம் வழங்குகின்றது. கணக்கிட்டுப் பார்த்தால், அப்பெயர் பாதி உண்மையாகவும் அமையாமை புலனாகும். 1952 ஜனவரி 4 ஆம் திகதி புவெனஸ் அயர்ஸ் நகரை விட்டுப் புறப்பட்டவர்கள், ஜூலை 26 ஆம் திகதி கராக்கஸ் நகரிலே பிரிந்தனர். இடைப்பட்ட காலம் ஏறக்குறைய ஏழு மாதங்கள். இவற்றுள் மோட்டார் சைக்கிள் அவர்களோடு இருந்தது இரண்டு மாதங்களுக்கும் குறைவே. எஞ்சிய காலமெல்லாம் அவர்கள் நடந்தும், லொறிகளில் இடங்கேட்டு ஏறியும், கப்பலில் ஒளிந்தும், கட்டுமரத்தில் மிதந்தும் சென்றனர். ஊர்தி உடைந்ததோடு பயணமும் முடிந்திருந்தால், அது இரு இளைஞரின் உல்லாசச் செலவாக மறக்கப்பட்டிருக்கும். அது உடைந்தபின்னும் அவர்கள் திரும்பாமையே வரலாறாயிற்று.

கிரனாடோ 1922 இலே பிறந்தவர். உயிர் இரசாயனம் பயின்றவர். கோர்தோபா மாகாணத்தின் வடபகுதியில் அமைந்த தொழுநோய் வைத்தியசாலை ஒன்றிலே பணியாற்றியவர். குவேரா அவருக்கு ஆறாண்டு இளையவர். புவெனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்திலே மருத்துவம் கற்றுக்கொண்டிருந்த மாணவர். குழந்தைப் பருவம் முதல் ஈழைநோய் அவரை வாட்டிவந்தது. மூச்சு முட்டும் அவ்வுடலைக்கொண்டே அவர் றக்பி ஆடினார். ஆட்டத்தைப் பயிற்றியவர் கிரனாடோ. நட்பு அங்கேதான் வேரூன்றியது. 1950 ஆம் ஆண்டிலே குவேரா, சிறு இயந்திரம் பொருத்திய சைக்கிளொன்றில் தனியே வட ஆர்ஜென்தீனாவைச் சுற்றியபோது, நண்பர் பணிபுரிந்த அவ்வைத்தியசாலைக்கும் சென்று தங்கினார். தொழுநோயாளரை அஞ்சாது அணுகும் பழக்கம் அவருக்கு அப்பொழுதே அறிமுகமாயிற்று.

1951 ஒக்டோபரில், கோர்தோபாவிலே கிரனாடோவின் வீட்டுக் கொடிமுந்திரிப் பந்தலின்கீழ், அந்நாட்டு வழக்கப்படி மாத்தே என்னும் இலைப்பானத்தை அருந்தியவாறு இருவரும் உரையாடிக்கொண்டிருந்தபோது இப்பயணம் பற்றிய எண்ணம் பிறந்தது. வட அமெரிக்கா வரை போய்விடுவது என்பதே அன்றைய கனவு. வழியிலுள்ள தொழுநோய் நிலையங்களைப் பார்ப்பதும் திட்டத்தில் அடங்கும். ஊர்தியோ கிரனாடோவிடம் ஏற்கெனவே இருந்தது. இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்தில் 1939 இல் உருவான நோர்ட்டன் வகையைச் சேர்ந்த, 500 கன சென்ரிமீற்றர் இயந்திரம் அது. கிரனாடோ முன்னர் வைத்திருந்த சைக்கிளுக்கு 'லா பொதெரோசா', அதாவது 'வல்லமை மிக்கவள்', என்று பெயர். அப்பெயரையே இதற்கும் சூட்டி 'இரண்டாம் பொதெரோசா' என்றனர். வல்லமை பெயரளவிலேயே இருந்தது என்பதை வழி விரைவிலே உணர்த்திற்று.

புவெனஸ் அயர்ஸிலிருந்து தெற்கே கடற்கரையோரமாகச் சென்று, பின்னர் மேற்கே திரும்பி மலையை நோக்கினர். இரண்டு ஆட்களும் இரண்டு ஆட்களின் மூட்டைகளும் ஏறிய வண்டி, மணலிலே சறுக்கியது. சரளைக் கல்லிலே குப்புற விழுந்தது. திருகாணி கழன்றவிடத்தும் சட்டம் முறிந்தவிடத்தும் கம்பியால் இறுக்கிக் கட்டி மேலே சென்றனர். இடையிலே குவேராவுக்குக் கடுங்காய்ச்சல் கண்டு, சோயெலே சோயெல் என்னும் ஊரின் ஆஸ்பத்திரியிலே சில நாள் கிடக்க நேர்ந்தது. சமவெளி முடிந்து, ஏரிகளும் பனி மூடிய சிகரங்களும் சூழ்ந்த சான் மார்த்தீன், பரிலோசே ஆகிய ஊர்களை அடைந்தபோது, நாடு விட்டு நாடு செல்லும் வாயில் அவர்கள் முன்னே இருந்தது.

இந்த இடத்திலே நேயர்கள் ஒரு விந்தையைக் காணலாம். இருவரும் அந்தீஸ் மலையைக் கடந்து சிலிக்குள் நுழைந்தது பெரும்பாலும் நீர்வழியாகவே. நகுவேல் ஊவாப்பி என்னும் பெரிய ஏரியிலே தொடங்கி, மலைமுகட்டின் இருபுறத்தும் ஒன்றையடுத்து ஒன்றாக ஏரிகள் கிடக்கின்றன. ஓர் ஏரியைப் படகால் கடப்பதும், அடுத்த ஏரி வரை நிலத்திற் செல்வதும், மீண்டும் படகேறுவதும் அவ்வழியின் இயல்பு. பெப்ரவரி நடுப்பகுதியிலே இவர்கள் அவ்வாறே எல்லையைத் தாண்டினர். இறுதிப் படகிலே கூலி கொடுக்கப் பணமின்றி, படகின் அடித்தட்டில் ஊறிய நீரை இறைத்துத் தம் பயணத்துக்கு ஈடுசெய்தனர். மலையைக் கடக்கவென்று கொண்டுவந்த வண்டி, மலையைக் கடக்கையிலே சுமையாகக் கிடந்தது.

சிலிக்குட் புகுந்த பின்னர், தெமூக்கோ நகரத்துப் பத்திரிகை ஒன்று, தொழுநோய் நிபுணர் இருவர் மோட்டார் சைக்கிளிலே தென் அமெரிக்காவைச் சுற்றுகின்றனர் எனப் படத்தோடு செய்தி வெளியிட்டது. பட்டம் பெறாத மாணவரும் நிபுணராகிவிட்டார். அச்செய்தித் துண்டைக் காட்டிய இடமெல்லாம் உணவும் படுக்கையும் கிடைத்தன. இயந்திரத்திலே வருபவனுக்கு உலகம் தரும் மதிப்பு ஒருவகை. அதனோடு செய்தித்தாளின் புகழும் சேர்ந்தால் அம்மதிப்பு இரட்டிக்கும். ஆனால் அதே வேளையில் வண்டி தன் இறுதி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது. தெமூக்கோவை விட்டு நெடுந்தூரம் போகுமுன் அது சரிந்து விழுந்து, முன்புறத் தண்டு முறிந்தது. பற்சக்கரப் பெட்டியும் நொறுங்கியது. லவுத்தாரோ என்ற ஊரிலே பழுதுபார்த்துப் புறப்பட்டபோது, இறக்கத்தில் வேகந்தடுப்பான் செயலிழந்தது. மாட்டுமந்தையொன்றின் இடையிற் புகுந்து, வழியோரத்தில் மோதி, உயிர் தப்பியது அருமை. அதன்பின் ஏற்றங்களில் ஏற மறுத்துவிட்டது. லொஸ் ஆங்கெலெஸ் என்னும் ஊரின் தீயணைப்புத் தொண்டர்கள் இடங்கொடுத்துத் தங்கவைத்தனர். அங்கிருந்து லொறி ஒன்றிலே வண்டியை ஏற்றிச் சந்தியாகோ வரை கொண்டுசென்று, மார்ச் தொடக்கத்தில் அந்நகரிலேயே அதை விட்டு அகன்றனர்.

இதன்மேல் அவர்கள் கால்நடைப் பயணிகளாயினர். கையிலே மூட்டை, உடம்பிலே புழுதி, நாட்டின் எத்தெருவிலும் மதிப்பற்ற இரு அந்நியர். மோட்டார் சைக்கிளில் வந்தபோது வியப்போடு திறந்த கதவுகள் இப்பொழுது ஐயத்தோடு திறந்தன. இம்மாற்றத்தைக் குவேரா தம் நாட்குறிப்பிலே நகைச்சுவையோடு பதிந்துள்ளார். நகைச்சுவைக்கு அடியிலே ஓர் அறிவும் பிறந்துகொண்டிருந்தது. விரைந்து செல்பவன் காண்பது நிலக்காட்சி. நடந்து செல்பவனும், பிறர் வண்டியில் இடங்கேட்டு ஏறுபவனும், உடன் செல்லும் மனிதரைக் காண்பார்கள், அவர்களோடு பேசுவார்கள், அவர்களிடம் உணவு பெற்று உண்பார்கள்.

வல்பரைசோ துறைமுகத்தில் இவ்வறிவின் முதற் பாடம் கிடைத்தது. தாம் உணவு பெற்றுவந்த சிறு கடையொன்றின் வழியாக, மூதாட்டி ஒருத்தியைப் பார்க்கும்படி குவேரா அழைக்கப்பட்டார். அவளுக்கு ஈழைநோய், இதயமும் தளர்ந்திருந்தது. நோய் கண்டும் உழைத்தே உண்ணவேண்டியிருந்தவள் அவள்; உழைக்க முடியாதபோது குடும்பத்துக்குப் பாரமானாள். தம்மிடமிருந்த சில மாத்திரைகளைக் கொடுத்து, உணவுமுறை கூறியதன்மேல் அந்த இளைஞரால் எதுவும் செய்ய இயலவில்லை. தம்மையே வருத்தும் நோய் இன்னொருத்தியையும் வருத்துகின்றது. ஆனால் தமக்கு மருந்தும் ஓய்வும் உண்டு, அவளுக்கு இல்லை. மருந்தால் தீராத ஒரு பகுதி நோயிலே உண்டு என்பதை மருத்துவ மாணவர் அந்த அறையிலே கண்டார்.

தொழுநோய் நிலையம் ஒன்று இருந்த ஈஸ்டர்த் தீவுக்குச் செல்ல விரும்பிய நண்பர்களுக்குக் கப்பல் கிட்டவில்லை. எனவே வடக்கு நோக்கிய சரக்குக் கப்பலொன்றில் ஒளிந்து ஏறி, அகப்பட்டு, கப்பல் வேலை செய்து, அந்தோபகஸ்தா துறைமுகத்தை அடைந்தனர். அங்கிருந்து சுக்கிகமாத்தா செப்புச் சுரங்கம் நோக்கிப் புறப்பட்டனர். உலகின் மிகப் பெரிய திறந்தவெளிச் செப்புச் சுரங்கங்களுள் ஒன்றாகிய அது, அந்நாளில் அமெரிக்கக் கம்பனியொன்றின் உடைமை. 1971 இலேதான் சிலி அதைத் தேசியமயமாக்கிற்று. வழியிலே, பாலைவனத்தின் இரவுக் குளிரில், ஒரு தொழிலாளியையும் அவன் மனைவியையும் சந்தித்தனர். பொதுவுடைமைக் கட்சி சிலியிலே 1948 முதல் தடைசெய்யப்பட்டிருந்தது. அக்கட்சியைச் சார்ந்தவன் என்பதற்காகச் சிறையிருந்து மீண்ட அம்மனிதன், வேலை தேடி மலைமேலுள்ள கந்தகச் சுரங்கங்களுக்குப் போய்க்கொண்டிருந்தான். அங்கே வேலை மிகக் கொடியது. ஆதலால் ஆளின் அரசியலைக் கேட்பார் இல்லை. தம்பதியரிடம் போர்வை ஒன்றுமில்லை. நண்பர்கள் தம் போர்வைகளுள் ஒன்றை அவர்களுக்கு ஈந்து, மற்றதை இருவருமாகப் போர்த்துக்கொண்டனர். வாழ்நாளிலே தாம் அறிந்த கடுங்குளிர் இரவுகளுள் அதுவும் ஒன்றென்று குவேரா குறித்தார். சுரங்கத்தை அடைந்தபோது, இயந்திரங்களின் பெருமையைக் காட்டியவர்களிடம், இங்கே மாண்டவர் எத்தனை பேர், அவர்தம் விதவைகளுக்குக் கிடைப்பது யாது என்று கேட்கும் மனநிலை அவருக்கு வந்துவிட்டிருந்தது.

மார்ச் இறுதி வாரத்திலே பெரு நாட்டுக்குட் புகுந்தனர். உண்மையான மலைப்பயணம் இனித்தான். தித்திக்காக்கா ஏரி கடல் மட்டத்துக்கு மேல் 3,800 மீற்றர் உயரத்திற் கிடப்பது. குஸ்கோ நகரம் 3,400 மீற்றர் உயரத்திலுள்ளது. மேற்றட்டுத் திறந்த லொறிகளிலே, ஐமாரா, கெச்சுவா ஆகிய பழங்குடி மக்களோடும் அவர்தம் தானிய மூட்டைகளோடும் நெருங்கியிருந்து, மழையிலும் உறைபனியிலும் அவ்வுயரங்களை ஏறினர். ஒருகாலத்தில் இம்மலைகளையே ஆண்டவரின் வழித்தோன்றல்கள், இப்பொழுது தம் நிலத்திலேயே தலைகுனிந்து நடப்பதைக் கண்டனர். குஸ்கோவிலே இன்காச் சிற்பிகள் சாந்தின்றிப் பொருத்திய கற்சுவர்களின்மீது ஸ்பானியர் எழுப்பிய தேவாலயங்கள் நிற்கின்றன. பூமி அதிரும்போது மேலுள்ளவை இடிய, கீழுள்ளவை அசையாது நின்ற வரலாறு அங்கே யாவரும் அறிந்தது. 1911 இலே ஹைரம் பிங்கம் உலகுக்கு அறிமுகப்படுத்திய மச்சு பிக்சு நகர்ச் சிதைவுகளை ஏப்ரல் முதல் வாரத்திற் சென்று பார்த்தனர். நண்பர்களின் நோக்கு இங்கே மாறுபட்டிருப்பதை வரலாற்று மாணவர் காணலாம். அழிந்த நகரின் அழகும் அங்கே வாழ்ந்த மக்களின் இன்றைய நிலையும் ஒன்றையொன்று தொடர்ந்து, நாட்குறிப்பின் பக்கங்களிலே இடம்பெறுகின்றன.

இனி, இப்பயணத்தின் ஊடுசரடாக நின்ற தொழுநோய்ப் பணியை நோக்குவோம். இந்நோயின் கிருமியை 1873 இல் நோர்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் கண்டறிந்தார். 1941 இலே அமெரிக்காவின் கார்வில் வைத்தியசாலையிலே சல்போன் வகை மருந்துகள் பயன்படத் தொடங்கி, நோயைத் தணிக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. எனினும் அச்சம் மருந்துக்கு அடங்கவில்லை. நோயாளரை ஊரைவிட்டு அகற்றி வைக்கும் வழக்கம் உலகெங்கும் நீடித்தது. இலங்கையரும் இதனை அறிவர். ஒல்லாந்தர் ஆட்சியிலே எழுந்த ஹெந்தளை வைத்தியசாலையும், மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவும் அந்த அச்சத்தின் சான்றுகளே.

பெருவிலே, மலைக்காட்டின் நடுவிலிருந்த ஊவாம்போ நிலையத்தை நண்பர்கள் அடைந்தபோது, குவேராவின் ஈழைநோய் கடுமையாகியிருந்தது. அங்கே வசதி மிகக் குறைவு. பணிபுரிவோரின் கருணையே மிகுதி. மே மாதம் முதலாந் திகதி லீமா நகரை அடைந்து, தொழுநோய் வைத்திய நிபுணர் ஊகோ பெஸ்சே என்பாரைச் சந்தித்தனர். அவர் விஞ்ஞானி, மாரியாத்தெகி என்னும் பெருவியச் சிந்தனையாளரின் வழிவந்த சமவுடைமைவாதி, எளிய வாழ்வினர். நோயையும் வறுமையையும் ஒன்றாக வைத்து ஆராயும் மருத்துவர் ஒருவரை இளைஞர் இருவரும் அவரிடம் கண்டனர். குவேரா பின்னாளில் தம் நூலொன்றை அவருக்கு அனுப்பியபோது, தம் வாழ்க்கை நோக்கிலே அவர் விளைத்த மாற்றத்தை நன்றியோடு குறிப்பிட்டார்.

பெஸ்சேயின் உதவியோடு, அமசோன் நதிக்கரையிலுள்ள சான் பாப்லோ நிலையத்துக்கு ஜூன் 8 ஆம் திகதி சென்று சேர்ந்தனர். ஏறக்குறைய அறுநூறு நோயாளர் அங்கே தனியூராக வாழ்ந்தனர். பணியாளர் வேறு பகுதியில் வசித்தனர். நண்பர்கள் கையுறையின்றி நோயாளரின் கைகளைப் பற்றினர், அவர்களோடு பந்தாடினர், உடனிருந்து உரையாடினர். ஜூன் 14 ஆம் திகதி குவேராவின் இருபத்து நான்காம் பிறந்தநாள் அங்கே கொண்டாடப்பட்டது. மெக்சிக்கோ முதல் மகெல்லன் நீரிணை வரை வாழ்வோர் ஒரே மக்களே, நாட்டெல்லைகள் போலியானவை என்ற கருத்தை அவர் அன்றிரவு நன்றியுரையிலே வெளியிட்டார். பிரியும் வேளையில் நோயாளர்கள் படகேறி வந்து இசை விருந்தளித்தனர். விரல்களை இழந்த ஒருவர், கையிலே குச்சிகளைக் கட்டிக்கொண்டு அக்கோடியன் வாசித்தார் என்று குவேரா தம் அன்னைக்கு எழுதினார். நிலையத்தார் கட்டிக்கொடுத்த 'மம்போ-டாங்கோ' என்னும் கட்டுமரத்திலே நதியோடு மிதந்து, கொலம்பியா வழியாக, ஜூலை நடுவிலே வெனிசுவேலாவின் தலைநகர் கராக்கஸை அடைந்தனர்.

அங்கே நண்பர்கள் பிரிந்தனர். கிரனாடோ அந்நாட்டுத் தொழுநோய் நிலையம் ஒன்றிலே வேலை ஏற்றார். பட்டப்படிப்பை முடிப்பதாக வீட்டாருக்கு வாக்களித்திருந்த குவேரா, பந்தயக் குதிரைகளை ஏற்றிய விமானத்தில் மயாமி சென்று, அங்கே ஒரு மாதம் இருந்து, ஆகஸ்ட் இறுதியிலே வீடு திரும்பினார். 1953 இல் வைத்தியரானார். பின்னர் கியூபப் புரட்சியிலே கலந்து, அந்நாட்டு அரசிற் பதவி வகித்து, 1967 ஒக்டோபர் 9 ஆம் திகதி பொலிவிய மலைநாட்டிலே கொல்லப்பட்டார். அவரை வணங்குவோரும் வெறுப்போரும் இன்றும் உளர். ஆயுதத்தின் வழியை அவர் தேர்ந்ததும், புரட்சிக்குப்பின் வழங்கப்பட்ட மரண தண்டனைகளில் அவருக்கிருந்த பங்கும் இன்றும் விவாதத்துக்குரியன. இலங்கையும் அவரைக் கண்டதுண்டு. 1959 ஆகஸ்டிலே கியூபத் தூதுக்குழுவின் தலைவராக வந்த அவர், ஹொரணைப் பகுதியிலுள்ள யஹலகலை இறப்பர்த் தோட்டத்தைப் பார்வையிட்டு, அங்கே மரமொன்றை நாட்டிச் சென்றார்.

கிரனாடோவின் பெயரோ நெடுங்காலம் நண்பரின் நிழலிலே நின்றது. 1961 இலே கியூபாவிற் குடியேறிய அவர், சந்தியாகோ தே கூபா நகரிலே மருத்துவக் கல்விக்கு அடிகோலியவருள் ஒருவரானார். 2011 மார்ச் 5 ஆம் திகதி ஹவானாவிலே காலமானார். தம் பயணக் குறிப்புகளையும் நூலாக வெளியிட்டார். இரு நண்பரின் நூல்களையும் தழுவி 2004 இல் திரைப்படமும் வந்தது.

இவ்விரு வாழ்க்கைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகும். பிற்காலப் புகழை முன்னே வைத்து, இப்பயணம் ஒரு புரட்சிவாதியை ஆக்கியது என்று கூறுவது எளிது. ஆனால் அதே வழியிலே சென்று, அதே குளிரிலே நடுங்கி, அதே நோயாளரின் கைகளைப் பற்றிய மற்றவர், ஆய்வுகூடத்திலும் வகுப்பறையிலும் தம் கடனைச் செய்தார். குவேராவும் தம் குறிப்புகளைப் பயணம் முடிந்த பின்னரே திருத்தி எழுதினார். நடந்தபோது தோன்றிய எண்ணமும், நினைத்துப் பார்த்தபோது தோன்றிய எண்ணமும் அவற்றிலே கலந்துள்ளன. வழி ஒன்றாயினும் அதிலிருந்து பிரியும் பாதைகள் பல. எதை ஏற்பது என்பது நடப்பவனின் பொறுப்பு. வழியின்மீது அதனைச் சுமத்துதல் ஆகாது.

ஆயினும் அவ்வழி இருவருக்கும் பொதுவாக ஒன்றைக் கொடுத்தது. பணமும் வாகனமும் பத்திரிகைப் புகழும் நீங்கியபின், அந்நியரின் தயவிலே உயிர்வாழ்வது எத்தகையது என்பதை அவர்கள் சில மாதம் அனுபவித்தனர். ஏழையின் சோற்றை உண்டவனுக்கு ஏழை ஒரு கணக்கெண்ணாகத் தோன்றுவதில்லை. சந்தியாகோவிலே கைவிடப்பட்ட பழைய நோர்ட்டன் வண்டி பழுதின்றி ஓடியிருந்தால், அந்நண்பர்கள் அந்தீஸ் சிகரங்களைக் கண்டு வியந்து, விரைவிலே வீடு திரும்பியிருக்கவும் கூடும். அது நின்றுவிட்டமையால், அச்சிகரங்களின் அடியிலே வாழும் மக்களோடு இருந்து உண்ணவும் உறங்கவும் அவர்களுக்கு வாய்த்தது.